ரோல் நம்பர் பதினாலைத் தாங்கிய கை

14 ஜூன் 2025, சனி

தெற்கு மாடவீதியில் கீரை வாங்கிக்கொண்டு திரும்பினால் ஹாலில் சோபாவைக் காணோம். படுக்கையறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. புது டிவிக்கும் நம் கண்ணுக்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்று ஏதோ கணக்காம். இந்த வீட்டில் கணக்கு டீச்சர் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் நந்து தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, ரிமோட்டை அழுத்தி அழுத்திக் கறுப்பை இன்னும் கறுப்பாக்கிக்கொண்டிருந்தார்.

எல்லாம் "ராத்திரி ரோல் கால்" படத்துக்காக. தொண்ணூற்றெட்டில் வந்தது. கண் திருஷ்டி பொம்மையின் முகமூடியை மாட்டிக்கொண்டு ஒருவன் கல்லூரி விடுதியில் வருகைப் பதிவு வாசிப்பான். "உள்ளேன்" என்று சொன்னவர்கள் எல்லாம் செத்தார்கள். தியேட்டரில் ஒரு வாரம் ஓடியது. பிறகு விசிடி, கேபிள், யூட்யூப் என்று இடம் மாற மாற இருட்டாகிக்கொண்டே வந்து, கடைசியில் சத்தம் மட்டும்தான் மிச்சம். இப்போது லண்டனில் பழைய பயங்கரப் படங்களைத் தேடிப் பிடித்து விற்கும் சின்னக் கம்பெனி ஒன்று, நெகட்டிவைக் கழுவித் துடைத்து ஃபோர்-கே டிஸ்க்காகப் போடுகிறது. சரிபார்க்கும் டிஸ்க் டைரக்டர் ஷஃபியுல்லா சாருக்கு வந்திருக்கிறது. அவரிடம் அதைப் போட்டுப் பார்க்க மெஷின் இல்லை. அன்றைய உதவி டைரக்டர் நந்து, அதனால் டிஸ்க் எங்கள் வீட்டில். ஜூலை ஏழுக்குள் குறை இருந்தால் சொல்ல வேண்டுமாம்.

நானும் அதில் இருக்கிறேன். ரோல் நம்பர் பதினாலு. இடைவேளைக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுவேன்.

மாலைக்குள் ரிமோட்டைக் கீழே போட்டு பேட்டரி மூடியை உடைத்தாகிவிட்டது. கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் இவர் கீழே போடாத பொருள் இந்த வீட்டில் சுவர் ஒன்றுதான். அப்படிப்பட்ட மனிதர் என் தலையை மட்டும் ஒருமுறை தாங்கிப் பிடித்தார். அதை நினைத்துத்தான் எல்லாவற்றையும் மன்னித்துக்கொண்டிருக்கிறேன்.

15 ஜூன், ஞாயிறு

மகள் அனு வேளச்சேரியிலிருந்து வந்தாள். பகல் பதினொரு மணிக்கு ஜன்னல் திரை எல்லாம் இழுத்து மூடி, மின்விசிறியைக்கூட ஒன்றில் வைத்து, மூன்று பேரும் உட்கார்ந்தோம். வெளிச்சத்தை ஏற்றக் கூடாது, ஏற்றினால் படத்தின் உயிர் போய்விடும் என்று நந்து ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். டைரக்டர் எந்த இருட்டை நினைத்து எடுத்தாரோ அதே இருட்டில்தான் பார்க்க வேண்டுமாம்.

இருட்டிலேயே எல்லாம் தெரிந்தது, அதுதான் கஷ்டம். முகமூடியின் நாக்கு பாத்ரூம் மக்கை வெட்டிச் செய்தது. ரத்தம் ரோஸ்மில்க் நிறம். மூன்றாமாண்டு மாணவராக வந்த கதாநாயகனுக்குக் காதுக்குள் நரை. அனு சிரித்துச் சிரித்துத் தரையில் சரிந்துவிட்டாள். நந்து மட்டும் பூஜை நேரத்தில் இருப்பது போல இருந்தார்.

பிறகு மாடிப்படிக் காட்சி. என் காட்சி.

இதை எழுதி வைக்க வேண்டும். அன்றைக்கு முகமூடி போடும் ஸ்டண்ட்காரர் கனகராஜ் வேறு ஷூட்டிங்குக்குப் போய்விட்டார், அவருக்குப் பதில் யூனிட்டில் யாரோ மாட்டிக்கொண்டார்கள். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, பகலிலேயே ராத்திரி பண்ணி எடுத்தார்கள். கொலைகாரன் கழுத்தைப் பிடிக்க, நான் பின்பக்கமாகப் படியில் சாய வேண்டும். முதல் தடவை என் பின்மண்டை படியில் மோதி எலுமிச்சம்பழம் போல வீங்கிவிட்டது. மறுபடி எடுத்தார்கள். இரண்டாம் தடவை நான் விழும்போது, ரெயின்கோட்டுக்குள்ளிருந்து ஒரு உள்ளங்கை வந்து தலைக்குக் கீழே நின்றது. அவ்வளவு இதமாக என்னை யாரும் கொன்றதில்லை. கண்ணைத் திறந்தபோது முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு நந்து நின்றிருந்தார். நன்றி சொன்னேன். பரவாயில்லை என்றார். ஒன்றரை வருஷம் கழித்து, அம்மா எவ்வளவோ அழுதும், இந்த வடபழனி சினிமாக்காரப் பையனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டேன். அந்த முகமூடி இன்றும் எங்கள் வாசல் கதவுக்கு மேலே திருஷ்டிக்குத் தொங்குகிறது.

இன்று அந்த இடம் வந்ததும் நான் நந்துவின் கையைத் தொட்டேன். அப்போதுதான் அனு படத்தை நிறுத்தச் சொன்னாள்.

"அம்மா, கொலைகாரன் கால்ல மெட்டி."

படிக்குக் கீழே பிள்ளையார் இருந்ததால் விடுதி வார்டன் யாரையும் செருப்போடு ஏற விடவில்லை, ஆகவே எங்கள் கொலைகாரன் வெறுங்காலோடுதான் கொலை செய்வான். ரெயின்கோட்டுக்குக் கீழே கால் பளிச்சென்று தெரிந்தது. இரண்டாவது விரலில் வெள்ளி மெட்டி. என் தலைக்குக் கீழே இருந்த கையில் கண்ணாடி வளையல் ஒன்று, ஸ்லீவுக்குள் ஒளிந்தும் ஒளியாமலும்.

நந்துவைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

16 ஜூன், திங்கள்

தப்பான கொலைகாரனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

17 ஜூன், செவ்வாய்

பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து காபி கூடப் போடாமல் நந்துவுக்கு எதிரே உட்கார்ந்தேன். கோபம் வந்தால் எனக்கு அம்மா வீட்டுப் பேச்சு வந்துவிடும். "அது யார் கைன்னு எனக்கு இப்போ தெரிஞ்சாகணும். சொல்லுங்கோ" என்றேன்.

சொன்னார். காஸ்ட்யூம் உதவியாளர் காவேரியின் கை. அப்படியானால் முதல் தடவை என் மண்டையை உடைத்தது? அதுதான் இவர். அந்த வீக்கத்தைப் பார்த்ததும் ஷஃபியுல்லா சார் இவரிடமிருந்து முகமூடியைப் பிடுங்கி, கை நிதானமானவர்கள் யாராவது போடுங்கள் என்றாராம். கோட்டு காவேரிக்குத்தான் சரியாக இருந்ததாம். ஷாட் முடிந்ததும் காவேரி முகமூடியைக் கழற்றி இவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். இவர் மன்னிப்புக் கேட்கத்தான் என்னிடம் வந்திருக்கிறார். நான் முந்திக்கொண்டு நன்றி சொல்லிவிட்டேன்.

"நீ அப்படி ஒரு முகத்தோட தாங்க்ஸ் சொன்னே ஸஹானா. அந்த முகத்துகிட்ட போய் நான்தான் மண்டைய உடைச்சேன்னு எப்படி சொல்றது? நாளைக்கு சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

நாளைக்கு! நாளைக்கு வந்து, நிச்சயதார்த்தம் வந்து, அனு பிறந்து, அனுவுக்கு வேலையும் கிடைத்துவிட்டது.

இன்னொன்றும் சொன்னார். இரண்டாம் தடவை எடுக்கும்போது, காவேரி கை தவறினால் என்ன ஆவது என்று பயந்து, விடுதி அறையிலிருந்து ஒரு தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்து படிக்குக் கீழே பதுங்கி உட்கார்ந்திருந்தாராம். ஃப்ரேமுக்குள் வராமல், இருட்டில்.

இதையும் நம்பணுமா? யாராவது பார்த்தார்களா என்று கேட்டால், இருட்டு, யாரும் பார்க்கவில்லை என்கிறார். ரொம்ப சௌகரியம். வாசலுக்குப் போய் முகமூடியைக் கழற்றி, ஷூ ரேக்குக்குப் பின்னால் சுவரைப் பார்க்க வைத்தேன்.

19 ஜூன், வியாழன்

ஷஃபியுல்லா சாருக்கு நானே போன் போட்டேன். அடையாறில் இருக்கிறார், வயது எழுபத்தைந்து தாண்டியிருக்கும். எங்களை எல்லாம் இன்னும் ரோல் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார். என்னம்மா பதினாலு, சௌக்கியமா என்றார். தலையணை விஷயத்தைக் கேட்டேன். என் ஃப்ரேமுக்குள் தலையணையோடு ஒருத்தன் உட்கார்ந்திருந்தால் அன்றைக்கே அவனையும் ரோல் காலில் சேர்த்திருப்பேன் என்றார். மெட்டியை மட்டும் ஒப்புக்கொண்டார். அதை லண்டன்காரர்கள் கம்ப்யூட்டரில் அழித்துவிடுவார்களாம், ஒரு காசு கூட ஆகாதாம்.

ஆக, சாட்சி இல்லை.

நந்து சாப்பிடும்போது டம்ளரைக் கீழே போட்டார். நான் எடுக்கவில்லை.

22 ஜூன், ஞாயிறு

வடபழனி போனேன். முகூர்த்த நாள், கோயிலைச் சுற்றி மாப்பிள்ளைகளும் ஆட்டோக்களும். காவேரி இப்போது பஸ் டிப்போவுக்குப் பின்னால் சொந்தமாக டிரஸ் வாடகைக் கடை வைத்திருக்கிறாள். ராஜா உடுப்புகளுக்கும் போலீஸ் உடுப்புகளுக்கும் நடுவில் உட்கார்ந்து யாரையோ போனில் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். நான் யாரென்று அவளுக்குச் சுத்தமாக நினைவில்லை. செத்துப்போன ரோல் நம்பர் பதினாலு என்று சொன்னேன். எந்தப் படத்தில் என்று கேட்டாள், அவள் பார்த்த சாவுகள் அத்தனை.

போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினேன். மெட்டியை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. கல்யாணத்துக்குப் போட்டதாம், பிறகு அந்த மெட்டியையும் போட்டவரையும் சேர்த்துக் கழற்றிவிட்டாளாம். கையைப் பார்த்ததும்தான் கொஞ்சம் நிதானித்தாள்.

"எனக்கு அப்போ கைப்புள்ள இருந்துச்சு. புள்ள சாஞ்சா தல தொங்கிடும்ல, கை தானா போவும். உனக்கும் அப்டிதான் போயிருக்கும் போல. வேற ஒண்ணும் இல்ல, பாப்பா."

அவ்வளவுதான். என் காதல் கதையின் கரு, எப்போதோ ஒரு கைக்குழந்தைக்காகப் பழகிய கை. எனக்கு அழுகை வரும் போல இருந்தது, ஆனால் பக்கத்தில் ஒரு எமதர்மராஜா உடுப்பு தொங்கிக்கொண்டிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

நந்து அப்போது தலையணையோடு கீழே இருந்தாரா என்று கேட்டேன். முகமூடிக்குள்ள இன்னாத்த பார்க்கிறது, மூஞ்சி பூரா ஃபெவிகால் நாத்தம் என்றாள். வந்ததற்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள். திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் என் பின்மண்டையைத் தடவிக்கொண்டே வந்தேன். வீக்கம் என்றைக்கோ வடிந்துவிட்டது, ஆனால் கை அங்கேதான் போகிறது.

25 ஜூன், புதன்

நந்து தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் அந்தக் காட்சியைப் போட்டுத் தன்னைத் தேடுகிறார். தி.நகர் டப்பிங் ஸ்டூடியோவில் ஊரார் குரலை எல்லாம் உதட்டோடு சேர்க்கும் மனிதர், இங்கே இருட்டில் தன்னையே காணாமல் முழிக்கிறார். பார்க்கப் பாவமாக இருக்கிறது. பாவம் பார்க்க மாட்டேன்.

28 ஜூன், சனி

எழுத்து கோணலாக வருகிறது, இருக்கட்டும்.

நந்து மதியம் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தார். நான் சீரியல் பார்க்க உட்கார்ந்தேன். மேற்கு ஜன்னல் வெயில் நேராக டிவி மேல் விழுந்தது, இவர் வைத்திருக்கும் கறுப்பில் மாமியார் யார் மருமகள் யார் என்றே தெரியவில்லை. ரிமோட்டில் துழாவி வெளிச்சத்தை உச்சத்துக்கு ஏற்றினேன். இவர் இருந்திருந்தால் மயக்கம் போட்டு விழுந்திருப்பார். சீரியல் முடிந்தது. டிஸ்க் மெஷினுக்குள்ளேயே இருந்தது. அந்தக் கையை இன்னொரு தடவை பார்ப்போம் என்று போட்டேன், ஏன் போட்டேன் என்று தெரியவில்லை. காவேரி குழந்தையைப் பற்றிச் சொன்னதிலிருந்து அந்தக் கை மேல் எனக்குக் கோபம் இல்லை.

வெளிச்சத்தை இறக்க மறந்துவிட்டேன்.

படி, நான், முகமூடி, மெட்டி, கை. படிக்குக் கீழே, இதுவரை வெறும் தார் பூசிய மாதிரி இருந்த மூலையில், பிள்ளையார் தெரிந்தார். மேலே ஒரு மாலை. பிள்ளையாருக்குப் பக்கத்தில் இன்னொரு பிள்ளையார். கூடவே பூப்போட்ட தலையணை. பிள்ளையாருக்குத் தலையணை எதற்கு?

நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போனேன். நந்து! இருபத்திமூன்று வயசு, இவ்வளவு முடி, ஒல்லிக்குச்சியாய். மண்டியிட்டு, தலையணையை இரண்டு கையாலும் முன்னால் நீட்டிக்கொண்டு, நான் விழ வேண்டிய இடத்தை நோக்கி. வாய் திறந்திருக்கிறது. கண் இரண்டும் இறுக மூடியிருக்கின்றன. என்னைப் பிடிக்க வந்தவர் நான் விழுவதைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்.

கண்ணை மூடிக்கொண்டு எப்படிப் பிடிப்பாராம்? நிச்சயம் தவற விட்டிருப்பார்.

நான் டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன், எது முதலில் என்று தெரியவில்லை. அவர் முடிவெட்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்ததும் முதலில் என்னைப் பார்க்கவில்லை. "யாரு ப்ரைட்னெஸ்ஸ ஏத்தினது?" என்றார். பிறகுதான் திரையைப் பார்த்தார். நின்றுகொண்டே ரொம்ப நேரம் பார்த்தார். கையிலிருந்த வீட்டுச் சாவி கீழே விழுந்தது. இந்தத் தடவை நான் எடுத்துக் கொடுத்தேன்.

29 ஜூன், ஞாயிறு

இந்த மனிதரை என்ன செய்வது?

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஷஃபியுல்லா சாருக்குப் போன் போட்டு, சார், ஃப்ரேமில் ஒரு பெரிய டெக்னிக்கல் தப்பு இருக்கிறது, வெளிச்சம் ஏற்றினால் தெரிகிறது என்று தானே போட்டுக் கொடுத்துவிட்டார். என்ன தப்பு என்று அவர் கேட்க, நான்தான் சார் என்றார். மெட்டியோடு சேர்த்து இவரையும் அழித்துவிடச் சொல்கிறேன் என்று சார் சொல்லிவிட்டார். படம்தான் முக்கியம், நாம் முக்கியமில்லை என்று எனக்கு விளக்கம் வேறு.

உங்களுக்கு முக்கியமில்லை. எனக்கு? அந்த ஓரத்தில் இருப்பதுதான் எனக்கு மொத்தப் படமும். அதை அழித்துவிட்டால், இவர் சொன்னது நிஜம் என்பதற்கு உலகத்தில் என்ன மிச்சம் இருக்கும்? என் ஞாபகமா? என் ஞாபகத்தின் லட்சணம் இந்த மாதம் நன்றாகத் தெரிந்துவிட்டது.

3 ஜூலை, வியாழன்

அரை நாள் லீவு போட்டுவிட்டு அடையாறு போனேன். நந்துவிடம் பல் டாக்டர் என்று சொன்னேன்.

ஷஃபியுல்லா சார் லுங்கியோடு பால்கனியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி அஸ்மத்துன்னிசா அம்மாள் சேமியா பாயசம் கொடுத்தார்கள். சுற்றி வளைக்கவில்லை. மெட்டியை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், நந்துவை மட்டும் அழிக்காதீர்கள் என்று கேட்டேன்.

அவர் பொறுமையாகத்தான் பேசினார். கொலை நடக்கும் இடத்தில் ஒருத்தன் தலையணையோடு குந்தியிருந்தால் பார்க்கிறவன் சிரிப்பானா பயப்படுவானா என்று கேட்டார். இருபத்தேழு வருஷமாக எல்லாரும் என் படத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், ஒரு தடவையாவது பயப்படட்டும் என்றுதான் இந்த டிஸ்க்குக்கே ஒத்துக்கொண்டேன் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. எனக்கே சங்கடமாகிவிட்டது. அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பலாமா என்று கூட நினைத்தேன்.

பிறகு என் வாயில் வந்தது.

"சார், உங்க படத்துல நாங்க இத்தனை பேர் செத்தோம். ஒருத்தரைக்கூட காப்பாத்த யாரும் வரலை. ஒருத்தன் மட்டும் தலையணையோட வந்திருக்கான். அவனையும் கொன்னுடாதீங்கோ."

அவர் பேப்பரை மடித்தார். மறுபடி பிரித்தார். உள்ளேயிருந்து அஸ்மத்துன்னிசா அம்மாள்தான், "என்னைக்காவது நீங்க எனக்கு ஒரு தலகாணி எடுத்துக் குடுத்திருக்கீங்களா?" என்று கேட்டார்கள்.

யோசிக்கிறேன் என்றார் சார். வாசல் வரை வந்து வழியனுப்பினார், ஆனால் பதினாலு என்று கூப்பிடவில்லை.

7 ஜூலை, திங்கள்

சாரிடமிருந்து நந்துவுக்கு ஒரு வரி மெசேஜ்: "சரிபார்த்து அனுப்பியாச்சு." எதைச் சரிபார்த்தார், யாரை அழித்தார், ஒன்றும் இல்லை. கேட்க எனக்கும் தைரியம் இல்லை.

25 அக்டோபர், சனி

மூன்று நாளாக விடாத மழை. வேளச்சேரியில் தண்ணீர் ஏற ஆரம்பித்ததும் அனு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டாள். மதியம் கூரியர்க்காரர் தொப்பலாக நனைந்து வந்து நின்றார். லண்டன் டிஸ்க். அட்டையில் திருஷ்டி முகமூடி, மக் நாக்கோடு.

நந்து திரைகளை இழுத்து மூடினார். அனு தரையில், நாங்கள் சோபாவில். சோபா பழைய இடத்துக்கு வந்துவிட்டது, கணக்கை நான் போட்டேன்.

மாடிப்படிக் காட்சி வந்தது. காலைப் பார்த்தேன். மெட்டி இல்லை, விரல் வெறுமையாக இருந்தது. அழித்திருக்கிறார்கள். மூலையில் தார் மாதிரி இருட்டு. வெளிச்சத்தை ஏற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. இவர் இருட்டு, இவர் சட்டம் என்று இருந்துவிட்டேன்.

நந்து படத்தை நிறுத்தினார். ரிமோட்டை எடுத்து, பேட்டரி மூடி இல்லாத பக்கம் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெளிச்சத்தை ஒவ்வொரு கட்டமாக ஏற்றினார். உச்சம் வரை.

பிள்ளையார் இருந்தார். பக்கத்தில் தலையணை. கண்ணை மூடிக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு, இவரும் இருந்தார்.

அனு, "டாடி, கண்ணைத் திறந்து வச்சிருக்கக் கூடாதா" என்றாள். அவர் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவிட்டு, பிறகு வெளிச்சத்தைப் பழையபடி இறக்கி, டைரக்டர் நினைத்த இருட்டில் மீதிப் படத்தை ஓட்டினார். ரோல் நம்பர் பதினைந்து செத்தாள், பதினாறு செத்தான். நான் தலையைச் சோபாவில் சாய்த்தபோது அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது. கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது, நானே நகர்ந்து சரிசெய்துகொண்டேன்.

படம் முடிந்ததும் ஷூ ரேக்குக்குப் பின்னாலிருந்து முகமூடியை எடுத்துத் தூசி தட்டினேன். ஸ்டூல் மேல் ஏறி வாசலில் மாட்டும்போது, "பார்த்து, பார்த்து" என்று கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். கண் திறந்திருந்தது, நான் திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.